முதலியார் என்ற ஐந்தெழுத்து

தமிழின் முதல் நாவலைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் கதையைச் சொல்வார்கள், நடையைப் பாராட்டுவார்கள், நீதி போதனை அதிகம் என்று குறைப்படுவார்கள். தலைப்பைப் பற்றி மட்டும் அநேகமாக யாரும் பேசுவதில்லை. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-ல் அச்சாயிற்று. எழுதியவர் மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை. ஆசிரியர் பிள்ளை, கதாநாயகன் முதலியார். ஆசிரியரோ கத்தோலிக்கக் கிறிஸ்தவர். சம்பிரதாயங்கள் எத்தனையோ மாறிய குடும்பத்தில் பட்டம் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நம் ஊர்ப் பட்டங்களின் ஆயுள் பலம் அப்படி!

அந்த ஐந்தெழுத்து கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்பதுதான் என் கேள்வி. அதற்கு முன் அந்தப் பெயரின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

முதலி என்றால் முதலில் நிற்பவன், தலைவன். சைவர்கள் அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரையும் ‘மூவர் முதலிகள்’ என்பார்கள். ராமானுஜரின் சீடர்களில் ஒருவர் முதலியாண்டான். படைக்குத் தலைமை தாங்கினவனும் முதலிதான். அதோடு ‘ஆர்’ என்ற மரியாதை விகுதி சேர்ந்தால் முதலியார். ஆக, அடிப்படையில் அது ஓர் ஆளின் பெயருமன்று, ஒரு குலத்தின் பெயருமன்று, ஓர் ஸ்தானம். பதினாறாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர்களுக்குத் தளவாயாக இருந்த அரியநாத முதலியார் தொண்டை மண்டலத்து மெய்ப்பேட்டிலிருந்து போனவர். எழுபத்திரண்டு பாளையங்களை வகுத்தவர் என்று பெயர் வாங்கினவர். அவரைப் போன்றவருக்கு அந்தப் பட்டம் அளவெடுத்துத் தைத்த சட்டை. பிறகு சட்டை பலருக்கும் பிடித்துப்போயிற்று. தொண்டை மண்டல வேளாளர் முதலியார், காஞ்சிபுரத்தில் தறி போடுகிற செங்குந்தர் என்னும் கைக்கோளரும் முதலியார், அகமுடையாரில் ஒரு சாராரும் முதலியார். கடல் தாண்டினால் இலங்கையில் விஷயமே வேறு. அங்கே போர்ச்சுகீசியர் முதல் ஆங்கிலேயர் வரை தங்கள் நிர்வாகத்தில் கொடுத்த உத்தியோகம் அது. சிங்களவரும் முதலியாராக இருந்தார்கள். எல்லோரும் முதல்வரானால் இரண்டாமவர் யார் என்று நீங்கள் கேட்கலாம். அந்த இடத்துக்கு மனுப் போட்டவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

பட்டம் இப்படிப் பரவியதற்குக் காரணம் தேட வேண்டுமானால் திருமுக்கூடலுக்குப் போக வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகிற சாலையில் பழைய சீவரம். அதற்கு எதிர்க்கரையில் இருக்கிறது அந்த ஊர். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினோராம் நூற்றாண்டு. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஓர் ஆஸ்பத்திரியைப் பற்றி அது பேசுவதால் வைத்தியர்கள் அதை மேற்கோள் காட்டுவார்கள். நான் அதில் பெயர்களைப் பார்க்கிறேன். மருத்துவர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். முதலில் ஊர், அப்புறம் தந்தை பெயர், அப்புறம் சொந்தப் பெயர், கடைசியில் பட்டம். இவ்வளவு நீளமான பெயர் அவருக்கு. சல்லிய சிகிச்சை செய்கிறவருக்குப் பெயரே இல்லை. மூலிகை கொண்டுவருகிறவர்களுக்கும், மருந்து பக்குவம் செய்கிற பெண்களுக்கும் இல்லை. அவர்களுக்கு எவ்வளவு நெல் என்பதுதான் இருக்கிறது. கல்லில் ஏறுகிற மனிதனுக்குத்தான் முழுப் பெயர். அப்படியிருக்க, தன் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டத்தைச் சேர்த்துக்கொள்ள எந்தக் குலம்தான் ஆசைப்படாது?

இதைக் காஞ்சிபுரத்தில் 1909-ல் நெசவாளர் குலத்தில் பிறந்த ஒருவரின் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை. ஊர், தந்தை, சொந்தப் பெயர் எல்லாம் சோழர் காலத்து வரிசைதான். வால் மட்டும் இல்லை. அந்த வாலை வெட்டுகிற காரியம் திருமுக்கூடலுக்குப் பக்கத்துச் செங்கல்பட்டிலேதான் பகிரங்கமாக நடந்தது. 1929 பிப்ரவரியில் அங்கே கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடும்படி தீர்மானம் செய்தது. தமிழன் அதிகச் சிரமமில்லாமல் அதை ஏற்றுக்கொண்டான் என்றால், முன்னால் இரண்டு எழுத்துக்களை வைத்துச் சமாளிக்கும் வித்தை அவனிடம் ஏற்கனவே இருந்தது. திருவாரூர் விருத்தாசலக் கலியாணசுந்தர முதலியாரை நாம் நான்கே எழுத்துக்களில் திரு.வி.க. என்று அழைத்தபோது ‘முதலியார்’ தானாகவே காணாமற்போயிற்று.

கப்பலேறியவர்களுக்கு நேர்ந்தது நேர்மாறானது. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். அங்கே துரைமார்களின் தாள்களில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு. நம்மவர்களிடம் அப்படி ஒன்று கிடையாது. காலப்போக்கில் பட்டங்கள் அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்தன. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார். முதலி ‘மூட்லி’ ஆனார். மரியாதை விகுதியான ‘ஆர்’ கடலிலே விழுந்துவிட்டது. ஆனால் ஒரு லாபமும் உண்டு. அந்த ஊரில் மனைவியும் மூட்லி, மகளும் மூட்லி. இன்று தென்னாப்பிரிக்க இந்தியரிடையே மிகச் சாதாரணமாகக் காதில் விழுகிற பெயர்களில் அது ஒன்று. ஸ்டீவ் பீக்கோவின் சகாக்களில் ஒருவரான ஸ்ட்ரினி மூட்லி 1970-களில் ராபன் தீவுச் சிறைக்குப் போனார். காஞ்சியிலும் காரைக்குடியிலும் அந்தப் பட்டத்துக்கு என்ன அர்த்தமோ, அந்தத் தீவில் அதற்கு அந்த அர்த்தம் இல்லை.

ஜோஹன்னஸ்பர்க் முனுசாமி முதலியாரின் மகள் வள்ளியம்மை, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்தவள். அவளுக்கு நாம் தில்லையாடி என்ற ஊர்ப்பெயரை முன்னால் சேர்த்தோம்; பின்னால் ஒன்றையும் சேர்க்கவில்லை. சென்னையில் கோ-ஆப்டெக்ஸ் கைத்தறி மாளிகைக்கு இருப்பதும் அந்தப் பெயர்தான்.

இனி நாவலுக்கு வருகிறேன். பிரதாபனுக்கு வேதநாயகம் பிள்ளை ‘முதலியார்’ என்று போட்டதால் கிடைத்த சௌகரியம் பெரிது. நிலம், வீட்டிலேயே வந்து பாடம் சொல்லும் உபாத்தியாயர், வேட்டைக்குப் போகிற பொழுதுபோக்கு எல்லாவற்றையும் தலைப்பே சொல்லிவிடுகிறது. கதாநாயகியின் தகப்பனார் சம்பந்தி முதலியார். சரி, கதாநாயகி? வெறும் ஞானாம்பாள். புருஷன் அகப்பட்டுக்கொண்டு தவிக்கிற ஊரில் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு, பட்டத்து யானை மாலையிட, அரியணை ஏறி ராஜ்யத்தை ஆளுகிறவள் அவள்தான். யோசனை சொல்கிறவளும் அவள், அவனை விடுவிக்கிறவளும் அவள். கதையில் யார் முதலி என்று கேட்டால் படித்தவர் யாருக்கும் சந்தேகமிராது. பெயரில் முதலியாக இருப்பவன் காரியத்தில் இரண்டாமவன். காரியத்தில் முதலியாக இருப்பவளுக்குப் பட்டமே கிடையாது. ஆசிரியர் இதைத் தெரிந்து செய்தார் என்றே நான் நினைக்கிறேன். பெண்கல்விக்காகப் ‘பெண்மதி மாலை’ எழுதிய மனிதர் அவர்.

ஆகையால் பழைய புத்தகங்களில் கத்திரி போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2021-ல் பள்ளிப் பாடநூல்களில் உ.வே. சாமிநாதையர் ‘சாமிநாதர்’ ஆனபோது பத்திரிகைகளில் வாதப்பிரதிவாதம் நடந்தது. மனிதர்களின் பெயரில் வால் போனதில் எனக்குத் துக்கமில்லை. கதையின் பெயரில் போனால் கதையே போய்விடும். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் பிள்ளையை எடுத்துவிட்டுப் பாருங்கள். கடவுளுக்குப் பட்டமில்லை, எதிரே நிற்கிற சித்த வைத்தியப் பத்திரிகைக்காரருக்கு உண்டு. அந்தச் சிரிப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

என் கதைகளில் பாத்திரங்களுக்கு நான் பட்டம் வைப்பதில்லை. என் தலைமுறையில் பெரும்பாலோர் வைப்பதில்லை. ஆனாலும் இரண்டாம் அத்தியாயத்துக்குள் வாசகர் கண்டுபிடித்துவிடுகிறார். சமையலறையில் என்ன கொதிக்கிறது, பாட்டியை எப்படிக் கூப்பிடுகிறார்கள், கல்யாணத்துக்கு எந்த ஊரில் பெண் பார்க்கப் போகிறார்கள் என்பது போதும். பட்டம் பெயரை விட்டு இறங்கிக் கல்யாண விளம்பரத்தில் குடியேறியிருக்கிறது. அங்கே பிரதாபன் இன்றும் முதலியார்தான், உட்பிரிவோடு. இதைக் கதையாக எழுதுகிறவர் குறைவு. வாலை வெட்டிவிட்டோம் என்ற திருப்தியில் எழுத்தாளர்கள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன்.

வேதநாயகம் பிள்ளை எட்டு வருஷம் கழித்து, 1887-ல், இன்னொரு நாவல் வெளியிட்டார். இந்தத் தடவை தலைப்பில் ஒரு பெண். ‘சுகுணசுந்தரி சரித்திரம்.’ அவள் ராஜகுமாரி. பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை.