குளித்துவிட்டுப் போகாதீர்கள், குடிவந்துவிடுங்கள்!

சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களுக்குச் செங்கோட்டை என்றால் ரயில் போய் நிற்கும் கடைசி ஸ்டேஷன், அவ்வளவுதான். பலர் அதற்கு முன்பே தென்காசியில் இறங்கிவிடுவார்கள். ஐந்தருவியில் ஒரு குளியல், பார்டர் கடையில் பரோட்டா, ஒரு பை மங்குஸ்தான், மறுநாள் இரவு ஊர் திரும்ப வண்டி. நாங்களும் வருஷா வருஷம் அப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தோம். இப்போது இங்கேயே குடியிருக்கிறோம். வேளச்சேரி வீட்டைக் காலி செய்து, சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, நானும் கணவரும் மகளும் மாமியாருமாக வந்து இறங்கினோம். இந்த ஊரில் எங்களுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவரும் கிடையாது. ஊர் பிடித்திருந்தது, வந்துவிட்டோம். தமிழ்நாட்டில் குடியிருப்பதற்கு இதைவிட அருமையான சின்ன ஊர் எனக்குத் தெரியாது. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்கிறேன்.

முதலில் சாரல். அதைச் சொல்லாமல் வேறு எதற்கும் போக எனக்கு மனசு வராது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவுப் பக்கம் தாழ்ந்து ஒரு கணவாய் விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்த்தபின், மலைக்கு இந்தப் பக்கம் பெரும்பாலான ஊர்களுக்கு வறண்ட காற்றுதான் மிச்சம். ஆனால் செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் வட்டாரத்துக்கு அந்தக் கணவாய் வழியாக மழையின் பொடி வந்து சேர்கிறது. வைகாசிக் கடைசியில் காற்று மாறும். வெயில் அடித்துக்கொண்டே இருக்கும்போது மலை உச்சியில் வெள்ளையாக ஒரு மேகம் கவிழும், அடுத்த நிமிஷம் முகத்தில் பூந்தூறல். நனைந்தோமா என்று தொட்டுப் பார்ப்பதற்குள் காற்று அதைத் துடைத்துக்கொண்டு போய்விடும். மறுபடி வெயில், மறுபடி தூறல். பகல் முழுக்க இதே விளையாட்டு. குடை பிடித்தால் காற்று மடக்கிவிடும். ஊர்க்காரர்கள் பிடிப்பதும் இல்லை. துவைத்த துணி இரண்டு நாள் கொடியில் கிடக்கும், கிடக்கட்டும்! ஆடி மாதம் பூராவும் எங்கள் வீட்டில் மின்விசிறியைப் போடுவதில்லை. சென்னையில் அதே ஆடியில் புழுங்கிக்கொண்டிருக்கும் தங்கை போன் செய்யும்போது, போர்வைக்குள் உட்கார்ந்து பேசுகிறேன் என்றால் அவள் நம்புவதே இல்லை.

வந்த புதிதில் பால் ஊற்ற வந்த அண்ணாச்சி, "மெட்ராஸ்ல இருந்து வந்தியளாமே. ஒரு சாரல் இங்க இருந்து பாத்துட்டியன்னா, பொறவு எங்கயும் போவ மாட்டிய" என்றார். எத்தனை சரியான வார்த்தை!

அருவிகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவற்றுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் சுகம் தனி. சீசனில் பகல் நேரம் நாங்கள் அந்தப் பக்கமே போக மாட்டோம். விடிகாலை நாலரைக்கு எழுந்து போனால் பேரருவி நமக்கே நமக்கு. மேலிருந்து விழும் தண்ணீர் பொங்குமாங்கடல் என்கிற பாறைப்பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்துதான் நம் தலைக்கு வருகிறது. இயற்கை மனுஷருக்காகவே செய்துவைத்த ஏற்பாடு அது. தண்ணீர் 'ஆர்ச்' என்கிற பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் போலீஸ் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். லீவு போட்டுத் தொலைவிலிருந்து வந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். எங்களுக்கென்ன, நாளைக்கு வந்தால் போகிறது! புரட்டாசியில் கூட்டமெல்லாம் வடிந்தபின் ஒரு வாரநாள் மத்தியானம் ஐந்தருவியில் நின்று பாருங்கள். ஐந்து பிரிவில் எதில் வேண்டுமானாலும் நிற்கலாம், தள்ளுவதற்கு ஆளில்லை. அப்புறம் வடகிழக்குப் பருவமழை வேறு இருக்கிறது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் வாய்த்த பூமி இது. அதனால்தான் கார், பிசானம் என்று நெல் இரண்டு போகம் விளைகிறது. எங்கள் ஊரை ஒட்டியுள்ள குண்டாறு அணை 36 அடி உயரம்தான். சாரல் பிடித்த கொஞ்ச நாளிலேயே நிரம்பி வழியும். நிரம்பிய சேதி வந்ததும் டீக்கடையில் எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அதைப் பார்க்கவே இந்த ஊரில் இருக்கலாம்.

இன்னொரு பொக்கிஷம் ரயில். செங்கோட்டையிலிருந்து மேற்கே மலையேறி புனலூர் போகும் பாதை 1904-ல் திறந்தது. மீட்டர்கேஜாக இருந்ததை அகலப்பாதையாக மாற்ற 2010-ல் மூடி, 2018-ல் முழுசாகத் திறந்தார்கள். பகல் வெளிச்சத்தில் மதுரையிலிருந்து குருவாயூர் போகும் வண்டி இருக்கிறது. ஏற்றத்துக்காகப் பின்னாலும் ஓர் எஞ்சின் மாட்டித் தள்ளிக்கொண்டு போவார்கள். பகவதிபுரம் வரைக்கும் வயல், தென்னை. அதற்குமேல் குகைக்குள் நுழைந்து வெளியே வந்தால், ஐயோ, அந்தப் பச்சை! மலைச்சரிவில் தேக்கும் ரப்பரும், கீழே பாதாளத்தில் ரோடு. கழுதுருட்டிக்குப் பக்கத்தில் பதிமூன்று கண் பாலம் வரும்போது பெட்டியில் உள்ள எல்லாரும் ஒரே பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். சுற்றுலாக்காரர்கள் இதை ஆயுளில் ஒருமுறை பார்ப்பார்கள். எங்களுக்குத் தென்மலை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவது சும்மா ஒரு சாயங்காலப் பொழுதுபோக்கு. மகளுக்கு ஒவ்வொரு குகையும் எங்கே வரும் என்று மனப்பாடம்.

இந்த ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எல்லைச் சீரமைப்பில்தான் நம்முடன் சேர்ந்தது. அந்த வாசனை இன்னும் போகவில்லை. புனலூரிலும் கொல்லத்திலும் கொடுக்கல் வாங்கல், கல்யாண உறவு. காலையில் ஒரு கடையில் புட்டும் கடலையும், அடுத்த கடையில் இட்லியும் சாம்பாரும். மலையாளத்தில் விலை கேட்பவருக்குத் தமிழில் பதில் வரும், இருவருக்கும் கணக்கு சரியாக இருக்கும். மார்கழியில் அச்சன்கோவில் ஐயப்பனின் திருவாபரணப் பெட்டி இந்த வழியாகத் தென்காசி காசிவிஸ்வநாதர் கோயிலுக்கு வரும்போது ரோட்டோரம் முழுக்க ஜனம். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு அழுதே விட்டார். வாஞ்சிநாதனின் ஊரும் இதுதான். 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட அந்த இளைஞர் நடந்த தெருக்களில்தான் என் மகள் தினமும் பள்ளிக்கு நடக்கிறாள் என்பதில் எனக்கு அத்தனை பெருமை.

பிரானூர் பார்டரைச் சொல்லாமல் விட்டால் என் கணவர் கோபித்துக்கொள்வார். பழைய சமஸ்தான எல்லை அங்கேதான் இருந்தது. எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் போய் எத்தனையோ காலமாகியும் பார்டர் கடைகள் அங்கேயேதான். வாழையிலையில் சின்னச் சின்னப் பரோட்டாவைப் போட்டு, நாமே பிய்த்து, அதன்மேல் சால்னாவை ஊற்றிக் குழைத்து, பக்கத்தில் நாட்டுக்கோழியோ காடையோ வைத்துக்கொண்டால் பேச்சே எழாது. பரோட்டா எல்லா ஊரிலும் கிடைக்கும். இந்தச் சால்னா கிடைக்காது.

வீட்டுச் சமையலும் மாறிவிட்டது. அடுத்த வீட்டு ஆச்சி ஒருநாள் தூக்குவாளியோடு வந்து நின்றார். "தாயி, உளுந்தஞ்சோறு பொங்குனேன், எள்ளுத் துவையலும் இருக்கு. பிள்ளைக்குக் குடு" என்றார். வாளியைக் கழுவிக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதையும் அவர்தான் சொல்லித் தந்தார். இப்போது எங்கள் வீட்டில் சொதி, கூட்டாஞ்சோறு, மரச்சீனிக்கிழங்கு எல்லாம் வாடிக்கை. மாமியாருக்குக் காய்ச்சல் வந்தபோது, நாங்கள் சொல்லாமலே மூன்று வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. வேளச்சேரியில் எதிர் ஃபிளாட்டில் இருந்தவர் பெயர் எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

தென்காசி எட்டு கிலோமீட்டர்தான். 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டத் தலைநகரானபின் அலுவலக வேலைகளுக்குத் திருநெல்வேலி வரை ஓட வேண்டியதில்லை. நான் போவது காசிவிஸ்வநாதர் கோயிலுக்கு. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. பிற்காலத்தில் கோயிலுக்குப் பழுது வந்தால் அதைச் சரிசெய்பவர்களை இப்போதே வணங்குகிறேன் என்று அந்த அரசன் கல்வெட்டில் சொல்லி வைத்திருக்கிறான். பழைய கோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990-ல் மறுபடி எழுந்தது. அதன் வாசலில் காற்று அடிக்கும் பாருங்கள், பக்தரைப் பின்னாலிருந்து ஒரு கை தள்ளி உள்ளே அனுப்புவதுபோல! சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். கணவாய்க் காற்று கோபுரத்துக்குள் புகுந்து செய்யும் மாயம் அது. எத்தனை தடவை போனாலும் எனக்குச் சலிக்கவில்லை.

பிழைப்புக்கு என்ன வழி என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. கணவர் சென்னை நிறுவன வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறார், தேவைப்பட்டால் பொதிகை எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறி மறுநாள் காலையில் எழும்பூரில் இறங்குகிறார். நான் பாடநூல் மொழிபெயர்ப்பு செய்கிறேன். ஃபைபர் இணையம் இருக்கிறது. பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011-லேயே அலுவலகம் திறந்துவிட்டது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியது இந்த வட்டாரத்தில்தான். இந்த ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளில் போய் மென்பொருள் எழுதிவிட்டு, வயல் வழியாக வீட்டுக்கு வருவதை நான் கண்ணால் பார்க்கிறேன். பெரிய காரியம் செய்யப் பெரிய நகரம் வேண்டும் என்று நினைப்பவர்கள் ஆய்க்குடிக்கும் ஒருநடை போய்வர வேண்டும். கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிகளுக்காக அது செய்திருப்பதை நேரில் பார்த்தபின் எனக்கு ஊர் மீதிருந்த பிரியம் மரியாதையாகவும் மாறியது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

ஆய்க்குடிப் பக்கம் போவதானால் ஆவணிக்கு முன்னால் போங்கள். சுந்தரபாண்டியபுரம், சுரண்டை வரைக்கும் சூரியகாந்தி பூத்து நிற்கும். 'ரோஜா' படத்தின் கதாநாயகிக்கு இந்தச் சுந்தரபாண்டியபுரத்தைத்தான் சொந்த ஊராக வைத்தார் மணிரத்னம். மஞ்சள் வயலுக்குப் பின்னால் நீல மலை, அதன் தலையில் மேகம். கேரளத்திலிருந்து கார் கட்டிக்கொண்டு படம் எடுக்க வருகிறார்கள். பண்பொழித் திருமலைக்கோயிலுக்கு ஏறி மேலிருந்து பார்த்தாலோ, கண்ணுக்கு எட்டிய தூரம் குளமும் வயலும் தென்னையும். அங்கே நின்றபோதுதான், ரசிகமணி டி.கே.சி. ஏன் குற்றாலத்தையே கதி என்று வந்து தங்கினார், ராஜாஜியும் கல்கியும் ஏன் அவரைத் தேடித்தேடி வந்தார்கள் என்பது எனக்கு விளங்கியது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயருக்குக் குறவஞ்சி ஊறியதும் குற்றால மலையைப் பார்த்துப் பார்த்துத்தானே!

வசதிகள்? பெரிய வைத்தியத்துக்குத் திருநெல்வேலியோ திருவனந்தபுரமோ போக வேண்டும், சில்லறை வைத்தியம் ஊரிலேயே நடக்கும். பெரிய மால் கிடையாது. மகள் அதைக் கேட்டதும் இல்லை. வேளச்சேரியில் கொடுத்த வாடகையில் பாதிகூட இங்கே ஆகவில்லை. திண்ணை, முற்றம், கிணறு, பின்னால் ஒரு மாமரம் உள்ள வீடு இது. பள்ளி, சந்தை, நூலகம், ரயிலடி எல்லாமே நடக்கிற தூரம். அந்த நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சனி ஞாயிறுகளில்கூட இடம் பிடிக்க முந்துகிறார்கள். மாலையில் கணவரும் மகளும் நடந்து போய் வருகிறார்கள். பாதி நேரம் யாராவது நிறுத்திப் பேசிவிடுவதால் வீடு வந்து சேர ஏழரை ஆகிறது. அந்தப் பேச்சுக்குத்தான் நாங்கள் வந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடியில் வந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், அப்போது யாருக்கும் பிடித்துவிடும். பங்குனியில் வாருங்கள். வெயில் இருக்கும், அருவிகள் ஒடுங்கியிருக்கும், விடுதிகள் காலியாக இருக்கும். ஊர் தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாலைந்து நாள் தங்குங்கள். சந்தைக்குப் போங்கள், தெருவில் இரண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள். அப்போதும் பிடித்திருந்தால் தயங்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். சாரல் அடுத்த மூன்றாம் மாதம் தானாக வரும். பொதிகையில் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.