டிப்ளமஸி: ஏழு நாற்காலிகளின் தந்திரம்

‘டிப்ளமஸி’ என்ற பலகை ஆட்டத்தை ஆடியவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “அதுவா? கூட இருந்தே குழி பறிக்கிற ஆட்டமாச்சே!” பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்கலாமா என்று பெற்றோர் தயங்குவதும் இந்தப் பெயரால்தான். டில்லியில் ஒரே குடியிருப்பைச் சேர்ந்த நாங்கள் ஏழு பேர் பல ஆண்டுகள் இதை ஆடியிருக்கிறோம். அந்த ஆட்டங்களின் தந்திரங்களைத் திரும்பிப் பார்க்கும்போது, இந்தக் கெட்ட பெயர் அதற்குப் பொருந்தாது என்றே எனக்குப் படுகிறது. அதன்மீது சொல்ல வேண்டிய குறை வேறொன்று. அதை அதிகம் பேர் சொல்லி நான் கேட்டதில்லை.

இதை உருவாக்கியவர் ஆலன் கால்ஹாமர் என்ற அமெரிக்கர். ஹார்வர்டில் படித்தவர். முதல் உலகப் போரின் மூலகாரணங்களை ஆராய்ந்த சிட்னி ஃபே என்ற பேராசிரியரிடம் ஐரோப்பிய வரலாறு பயின்றவர். 1954இல் ஆட்டத்தை வடிவமைத்து, 1959இல் சொந்தச் செலவில் 500 பெட்டிகள் செய்து விற்றார். 1963 முதல் இதைத் தபால் மூலம் ஆடும் வழக்கமும் வந்தது. கால்ஹாமரும் பிற்காலத்தில் தபால்காரராகவே வேலை பார்த்தார் என்பது ஒரு சுவையான பொருத்தம். 2013இல் காலமானார்.

ஆட்டத்தின் அமைப்பு

1901ஆம் ஆண்டு ஐரோப்பா. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி என ஏழு வல்லரசுகள், ஆளுக்கு ஒன்று. வரைபடத்தில் 34 ‘சப்ளை சென்டர்கள்’ உண்டு. எத்தனை சென்டர் கையில் இருக்கிறதோ அத்தனை படைகள் வைத்துக்கொள்ளலாம். 18 பிடித்தவர் ஜெயித்தார். பகடை கிடையாது. முதலில் பேச்சுவார்த்தை, யாரும் யாரோடும் எதையும் பேசலாம், எந்த வாக்கும் கொடுக்கலாம். பிறகு எல்லோரும் தத்தம் உத்தரவுகளை ரகசியமாகச் சீட்டில் எழுதி, ஒரே நேரத்தில் பிரித்துப் படிக்க வேண்டும். வாக்கு மீறினால் தண்டனை எதுவும் விதியில் இல்லை.

இதை மட்டும் பார்த்தால் பொய்யனுக்கே ராஜ்யம் என்று தோன்றும். ஆனால் விதிகளில் இன்னொன்று இருக்கிறது. எல்லாப் படைகளுக்கும் பலம் ஒன்றேதான். ஒன்றோடு ஒன்று மோதினால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். செர்பியாவில் உள்ள ஆஸ்திரியப் படை, துருக்கியர் இருக்கும் பல்கேரியாவைத் தனியாகத் தாக்கினால் ஒன்றும் நடக்காது. ருமேனியாவில் உள்ள ரஷ்யப் படை அதற்கு ‘ஆதரவு’ என்று எழுதிக் கொடுத்தால், இரண்டுக்கு ஒன்று. துருக்கியர் விலகியே ஆக வேண்டும். இதற்குத் துருக்கியிடம் மாற்று உண்டு. கருங்கடலில் உள்ள தன் கடற்படையால் ருமேனியாவைத் தாக்கினால் போதும். ருமேனியா கைக்கு வராது. ஆனால் ரஷ்யாவின் ஆதரவு அறுந்துவிடும். ஆக, தொடக்கத்தில் மூன்று நான்கு படைகளோடு நிற்கும் எவராலும் பக்கத்து நாட்டுக்காரரின் கையெழுத்து இல்லாமல் அதிக தூரம் போக முடியாது.

நம் மலர்களில் எதை எழுதினாலும் வள்ளுவரிடம் கொண்டுபோய் முடிப்பது ஒரு பழக்கம். இங்கே அதற்கு ஓரளவு நியாயம் உண்டு. குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. படைகளின் பலத்தைச் சமமாக்கிவிட்டதால், இந்த ஆட்டத்தில் கணக்கிட வேண்டியவை காலமும் இடமும், வலியறிதலில் வள்ளுவர் எண்ணச் சொல்லும் துணையின் வலியும்தான்.

முதுகில் குத்துவதன் கணக்கு

ஆட்டத்தில் மிகவும் பேசப்படும் தந்திரம் முதுகில் குத்துவது. ஆஸ்திரியா-இத்தாலி எல்லையை வைத்தே இதைப் பார்ப்போம். இரண்டு வல்லரசுகளின் சொந்த சென்டர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது வரைபடத்தில் ஒரே ஒரு இடத்தில்தான்: இத்தாலியின் வெனிஸும் ஆஸ்திரியாவின் ட்ரியெஸ்டும். இத்தாலிக்காரருக்கு முதல் ஆண்டிலேயே கை அரிக்கும். ட்ரியெஸ்ட் காலியாகக் கிடக்கிறதே, நுழைந்தால் என்ன?

நுழையலாம். ஒரு சென்டர் லாபம். ஆனால் எங்கள் ஆட்டங்களில் இதன் பின்கதை அநேகமாக ஒரே மாதிரிதான் இருந்தது. ஆஸ்திரியா சரிந்ததும் புடாபெஸ்ட், செர்பியா, கிரீஸ் எல்லாம் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போய்ச் சேரும். இரண்டு வருஷத்தில் துருக்கிக் கப்பல் அயோனியன் கடலில் வந்து நிற்கும். அப்போது இத்தாலியோடு கூட்டுச் சேர ஒருவரும் இருக்கமாட்டார். “உங்களை நம்பி நான் எழுதினா ட்ரியெஸ்ட் கதைதானே எனக்கும்?” என்று கேட்டுவிடுவார்கள்.

இதற்கு நேர்மாறானது ‘லெபாண்டோ’ என்ற தொடக்கம். 1571இல் துருக்கியக் கடற்படை தோற்ற போரின் பெயர் அது. இத்தாலி வெனிஸில் ஒரு படையை அசையாமல் நிறுத்திவிட்டு, இன்னொன்றைக் கப்பல் வழியாக டூனிஸுக்கு அனுப்பும். அடுத்த ஆண்டு அதே படையைக் கிழக்கு மத்தியதரைக்கடல் தாண்டி சிரியாவில் இறக்கும். முன்பக்கம் ஆஸ்திரியா நெருக்க, துருக்கி இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும். நான் பார்த்த தந்திரங்களில் சிறந்தது இதுதான் என்பேன். இதில் இருவருக்கும் லாபம் இருக்கிறது. அதைவிட முக்கியம், துரோகம் செய்தால் கிடைப்பதைவிட கூட்டணியில் இருந்தால் கிடைப்பது அதிகமாகும்படி படைகளின் இடமே அமைந்துவிடுகிறது. நண்பனை நம்புவது ஒரு திறமை. நண்பன் நம்மை ஏமாற்ற நினைக்காதபடி காய்களை வைப்பது அதைவிடப் பெரிய திறமை.

குத்தவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வரைபடத்தை வடக்கு, தெற்கு என்று பிரித்தால் ஒரு வேடிக்கை தெரியும். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனிக்குத் தலா 3, அந்தப் பக்கத்து நடுநிலை நாடுகள் 7, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1, ஆக 17. மீதி தெற்கிலும் கிழக்கிலும் 17. இந்தக் கோட்டில் ஒழுங்காகப் படை நிறுத்தினால் எதிர்ப்பக்கத்தால் உடைக்க முடியாது. ஜெயிக்க வேண்டியதோ 18. அந்த ஒரு சென்டருக்காகக் கோட்டைத் தாண்டுகிற தருணத்தில் கூட்டாளியை முறிக்கத்தான் வேண்டியிருக்கும். அது ஆட்டத்துக்கு ஒருமுறை செய்கிற காரியம். அதுவும் எதிராளி திருப்பி அடிக்க முடியாத நிலையில் மட்டுமே பலிக்கும்.

எங்கள் குழுவுக்கே உரிய ஒரு பாடத்தையும் சொல்ல வேண்டும். ஏழு பேரில் இரண்டு பேர் தமிழர். நாங்கள் இருவரும் மூலையில் போய்த் தமிழில் பேசிவிட்டு வந்தால், வங்காளியும் பஞ்சாபியும் மலையாளியும் உடனே எங்களுக்கு எதிராகச் சேர்ந்துவிடுவார்கள். நாங்கள் பேசியது கிரிக்கெட் ஸ்கோராக இருந்தாலும் சரி! கடைசியில் நண்பரும் நானும் எங்கள் பேச்சுவார்த்தையை மேஜையிலேயே, எல்லோர் காதிலும் விழும்படி இந்தியில் வைத்துக்கொண்டோம். ரகசியத்தைவிட வெளிப்படையான பேச்சு அதிக பலம் தந்தது. வெளியூரில் பிழைக்கிற நமக்கு இது ஆட்டத்தோடு முடிகிற பாடமல்ல.

2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் ‘சிசரோ’ என்ற கணினி நிரலை அறிமுகப்படுத்தியது. மனிதர்களோடு எழுத்தில் பேசியே டிப்ளமஸி ஆடும் நிரல் அது. இணையத்தில் பெயர் தெரியாமல் 40 ஆட்டங்கள் ஆடி, ஒன்றுக்கு மேல் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது. தான் செய்ய எண்ணியதையே பேச்சிலும் சொல்லும்படி அதைப் பழக்கியிருப்பதாகச் செய்தவர்கள் சொன்னார்கள். அது ஏமாற்றிய இடங்களைப் பிற ஆய்வாளர்கள் பிறகு எடுத்துக் காட்டியதும் உண்டு. எப்படியானாலும், ஜெயிக்க வைக்க விரும்பியவர்களே பொய்யில் தொடங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

நாற்காலி இல்லாதவர்கள்

இனி நான் சொல்ல வந்த குறை. இந்த ஆட்டத்தில் நம்பிக்கைக்கு இடம் உண்டு. ஆனால் மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஏழு பேருக்கு மட்டும். செர்பியா, பெல்ஜியம், ருமேனியா உட்பட 12 சென்டர்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் தொடங்குகின்றன. அவற்றின் சார்பில் பேச ஒருவரும் இல்லை. “பெல்ஜியம் எனக்கு, ஹாலந்து உனக்கு” என்று இருவர் நேர்மையாகப் பங்கு போட்டு, வாக்கைக் காப்பாற்றிக் கைகுலுக்குவார்கள். நான் மேலே புகழ்ந்த நல்ல கூட்டணிகள் அத்தனையும் இப்படிப் பங்கு போட்டவைதான்.

நிஜ வரலாற்றில், 1882 முதல் ஆஸ்திரியாவோடு கூட்டணியில் இருந்த இத்தாலி, 1915இல் லண்டனில் ரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டு அதன்மேலேயே படையெடுத்தது. போருக்குப் பின் ட்ரியெஸ்ட் கிடைத்தது. விலை, ஏறத்தாழ 6 லட்சம் இத்தாலியப் படைவீரர்களின் உயிர். ஆட்டத்திலோ, தோற்ற படை ஒரு மரத்துண்டு. எடுத்துப் பெட்டியில் போட்டுவிடலாம்.

ஆட்டத்தின் இங்கிலாந்துக்கு லண்டன், லிவர்பூல், எடின்பரோ என மூன்றே சென்டர்கள். உண்மையில் அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போனார்கள். பிரான்ஸிலும் கலிப்போலியிலும் மெசபடோமியாவிலும் நின்றார்கள். அந்தப் போரைச் சொல்லும் வரைபடத்தில் இந்தியா இல்லை. டில்லியில் நாம் மாலைக் காற்று வாங்கப் போகும் இந்தியா கேட், உயிர் நீத்த ஏறத்தாழ 70,000 இந்தியப் படைவீரர்களின் நினைவாக எழுப்பப்பட்டது. 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் செதுக்கப்பட்டுள்ளன. பேச்சுவார்த்தையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது.

ஆகவே, பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைத் தாராளமாகக் கொடுங்கள் என்றே நான் சொல்வேன். பொய் சொல்லக் கற்றுக்கொள்வார்கள் என்று பயப்பட வேண்டாம். பொய் எவ்வளவு சீக்கிரம் செல்லாக்காசு ஆகிறது என்பதைத்தான் கற்றுக்கொள்வார்கள். பெல்ஜியத்தைப் பிடித்த சந்தோஷத்தில் மகளோ மகனோ துள்ளும்போது மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: “பெல்ஜியத்துக்காரங்க கிட்ட யார் கேட்டா?”