டிக் அடித்தால்தான் தமிழ்

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய, கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குள் போய் ஒரு டிக் அடிக்கணும். உடனே எக்ஸ்பி சிடியைக் கேட்கும். இல்லாவிட்டால் எழுத்துகள் பெட்டி பெட்டியாக நிற்கும், அல்லது கொம்பு இடம் மாறி உட்காரும். அந்த வசதியின் பெயர் 'சிக்கலான எழுத்துமுறைகள்'. யாருக்குச் சிக்கல்? இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற எழுத்துதானே!

மொழியைத் தனிப் பொதியாகப் பிரிப்பதே தப்பு என்று சொல்லவில்லை. உபுண்டுவில் மெனுக்களின் தமிழாக்கம் தனி மொழிப்பொதியாக வருகிறது. ஒரு தவறான சொல்லைத் திருத்த மென்பொருளையே மறுபடி வெளியிட வேண்டாம். தேவைப்படாதவருக்கு வட்டில் இடமும் மிச்சம். நியாயமான ஏற்பாடு.

ஆனால் மெனுவின் மொழி வேறு, எழுத்து தெரிவது வேறு. மெனு ஆங்கிலத்தில் இருந்தால் சமாளிச்சுக்கலாம். வீட்டிலிருந்து வந்த மெயில் பெட்டிகளாகத் தெரிந்தால்? பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்தவருக்கு அந்த டிக் அடிக்கும் அனுமதிகூட இருக்காது. எக்ஸ்பி பிரித்தது தமிழாக்கத்தை அல்ல, படிப்பதையே. 2007-ல் கடைக்கு வந்த விஸ்டாவில்தான் அந்த டிக் தேவையில்லாமல் போனது.

ஆகவே, புது இயங்குதளம் எத்தனை மொழிகளில் பேசுகிறது என்று எண்ணுவதற்கு முன், எதையும் நிறுவாமல் 'கொ' சரியாகத் தெரியுதான்னு பாருங்க.