படம் பொய் சொல்லவில்லை

நாவலைப் பற்றி எழுதப் புகுந்த நாம், பல்லைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். வியப்படைய வேண்டாம். அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவர் நாமல்லர். ஜப்பானிய நாவலாசிரியர் நாட்சுமே சோசெகி!

1910-இல் அவர் எழுதிய நாவல் 'மோன்'. தமிழில் 'வாயில்' எனலாம். சோசுகே ஒரு சிறிய அரசு ஊழியன். டோக்கியோ நகரில், ஒரு மேட்டுச் சரிவின் அடியிலே, அவனும் மனைவி ஓயோனேயும் ஓசையின்றி வாழ்கிறார்கள். நண்பனோடு வாழ்ந்தவளைத் தன் துணையாக்கிக் கொண்டவன் அவன். அந்தப் பழைய நிகழ்ச்சியைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. இந்நிலையில் அவனுக்குப் பல் ஆடுகிறது, வலி எடுக்கிறது. பல் மருத்துவர் மெல்லிய கருவியொன்றைப் பல்லின் துளைக்குள் செலுத்தி, அதன் நுனியை முகர்ந்து பார்க்கிறார். உள்ளே அழுகிவிட்டது, இனிப் பழைய உறுதி வாராது என்கிறார். அவர் சொன்னது பல்லைப் பற்றித்தான். படிக்கும் நமக்கோ, அந்த வீட்டைப் பற்றியே சொன்னதாகக் கேட்கிறது!

முகர்ந்து அறிந்த அந்த அழுகலைக் கண்ணால் காணும் வழி, அந்த நாவலுக்கு முன்பே பிறந்துவிட்டது. 1895-ஆம் ஆண்டின் இறுதியில் எக்ஸ் கதிர்களை உலகுக்கு அறிவித்தார் ரோண்ட்ஜன். சில வாரங்களுக்குள், 1896 ஜனவரியில், ஜெர்மானியப் பல் மருத்துவர் ஓட்டோ வால்கோஃப், மூடிச் சுற்றிய கண்ணாடித் தகட்டைத் தம் வாயிலேயே வைத்து, 25 நிமிடம் கதிரின் முன் இருந்து, பல்லைப் படமெடுத்தார். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ், கருவி செவ்வனே இயங்குகிறதா என்றறியத் தம் கையையே கதிரின் முன் நீட்டி நீட்டிப் பார்த்தார். விரல்கள் போயின; பின்னர்க் கையே போயிற்று; வேதனையிலே உழன்று 1928-இல் மறைந்தார். ஜப்பானின் ஹிசாட்சுகு நுமாட்டா 1930-களில் பல்வரிசையை ஒரே படத்தில் அடக்கும் முயற்சியில் இறங்கினார்.

கதிரின் தீங்கு அறியாத காலம் அது. எனினும், "நம்பு" என்று சொல்லாமல் "பார்" என்று சொன்னவர்கள் இவர்கள். அறிவியலின் அடிப்படையே அந்த ஒரு சொல்தான்.

ஆனால், படம் கிடைத்துவிட்டால் உண்மை கிடைத்துவிடுமா? படத்திலே இருப்பது நிழல். அந்த நிழலுக்குப் பொருள் சொல்பவன் மனிதன். அவனுடைய பட்டமும் பதவியும் செருக்கும் அவன் கண்ணுக்கும் படத்துக்கும் நடுவே வந்து நின்றால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை, சோசெகிக்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து, நெஞ்சில் அறைவதுபோல் கேட்டவர் யமசாகி டோயோகோ. ஒசாகாவில் பிறந்தவர், மைனிச்சி நாளிதழில் செய்தியாளராகப் பணியாற்றியவர். அவருடைய 'ஷிரோய் கியோடோ', அதாவது 'வெள்ளைப் பெருங்கோபுரம்', 1963 முதல் 1965 வரை 'சண்டே மைனிச்சி' வார இதழில் தொடராக வந்தது.

நானிவா பல்கலைக் கழகம் என்பது கற்பனைப் பெயர். அதன் மருத்துவத் துறையில் ஜைசென் கோரோ ஓர் இணைப் பேராசிரியர். அறுவை மருத்துவத்தில் நிகரற்ற கை! ஓய்வு பெறவிருக்கும் பேராசிரியரின் நாற்காலி மீது அவருக்குக் கண். மாமனாரின் பணம் பாய்கிறது, வாக்குகள் விலை போகின்றன, நாற்காலி கிடைக்கிறது. அறிவின் கோயில் என்று பிறர் கருதும் இடத்திலே, ஆராய்ச்சி ஒரு மூலையில் கிடக்க, பதவி வேட்டை நடு மண்டபத்தில் நடக்கிறது.

பிறகு வருகிறார் சசாகி என்னும் வணிகர். வயிற்றிலே புற்றுநோய். அவருடைய மார்புப் படத்தில் ஒரு நிழல் தெரிகிறது. உள் மருத்துவத் துறையைச் சேர்ந்த சடோமி ஷூஜி, இன்னும் நுணுக்கமாகப் படமெடுத்துப் பாருங்கள் என்கிறார். பழைய காசநோயின் வடு என்று தள்ளிவிடுகிறார் ஜைசென். கத்தி வெற்றி பெறுகிறது. ஆனால் நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது. எட்டியும் பாராமல் ஜெர்மனியில் நடக்கும் மாநாட்டுக்குப் புறப்படுகிறார் பேராசிரியர். நோயாளி மாண்டுபோகிறார். அந்த நிழல் புற்றுநோயே என்று பிணச் சோதனை சொல்கிறது.

படம் பொய் சொல்லவில்லை. பார்க்க மறுத்தவர் பேராசிரியர்!

உதவி மருத்துவர் யானகிஹாராவுக்கு ஐயம் இருந்தது. கேட்கத் துணிவு இல்லை. அவரது எதிர்காலம் பேராசிரியரின் கையில் அன்றோ இருந்தது! ஒரு மனிதனின் சாவுக்கு இந்த மௌனமும் துணை போயிற்று. நீதிமன்றத்தில் ஜைசென் வெல்கிறார். உண்மை சொன்ன சடோமி பதவி இழக்கிறார். அத்தோடு முடிந்தது நாவல்.

வாசகர்கள் பொங்கி எழுந்தனர். இப்படியும் முடிக்கலாமா என்று கேட்டனர். யமசாகி மீண்டும் எழுதினார். 1969-இல் தொடர்ச்சி நூலாயிற்று. அதிலே யானகிஹாரா உண்மையைக் கக்குகிறார், மேல்முறையீட்டில் ஜைசென் தோற்கிறார், புற்றுநோய்க்கே இரையாகிறார்.

இங்கேதான் நமக்கு ஒரு கருத்து வேறுபாடு. யானகிஹாரா வாய் திறப்பது மனிதன் பெற்ற வெற்றி, அதை வரவேற்கிறோம். ஆனால், குற்றவாளிக்கு நோயைத் தண்டனையாகத் தந்தது ஏன்? நோய்க்கு நீதி தெரியாது. நல்லவன், கெட்டவன் என்று பார்த்து அது வருவதில்லை. செய்த வினை திரும்பி வந்தது என்று படிப்பவன் ஆறுதல் கொள்ள, ஆசிரியர் இடம் கொடுத்துவிட்டார். முதல் முடிவு சுட்டது. சுட்டதால் சிந்திக்க வைத்தது. இரண்டாவது, சூட்டை ஆற்றிவிடுகிறது.

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாகும் தறுவாயில் ஜைசென் தம் நோயைப் பற்றித் தாமே எழுதி வைக்கிறார்; இறந்தபின் அவர் உடல் ஆய்வு மேசைக்குச் செல்கிறது. பிறர் உடலின் நிழலைப் பார்க்க மறுத்தவர், இறுதியில் தம் உடலையே பார்க்கக் கொடுக்கிறார். அந்த இடத்தில் வால்கோஃபின் வரிசைக்கு அவர் ஒரு கணம் திரும்பி வருகிறார். அதனால்தான், வெறுக்க வேண்டியவருக்காகவும் நம் கண் கலங்குகிறது.

தோழர்களே! வெள்ளை அங்கி அணிந்தவரெல்லாம் அறிவியலின் குரலல்லர். "பேராசிரியர் சொன்னார்" என்பது சான்றாகாது. எவர் சொன்னாலும் படத்தைக் காட்டு, காரணத்தைக் கூறு என்று கேட்பதே பகுத்தறிவு. ஐயம் எழும்போது யானகிஹாராவைப் போல் வாய் மூடி இருந்துவிட்டு, பின்னாளில் கண்ணீர் வடித்துப் பயன் என்ன? சசாகி திரும்பி வரமாட்டார். கேள்வியைக் காலத்தில் கேட்போம்!