ஆசிரியப் பயிற்சியில் படைப்பாற்றலும் மதிப்பீடும்

ஆசிரியர் கல்விக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2009ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டபோது, தொழில்திறமும் மனிதநேயமும் ஒருங்கே வாய்ந்த ஆசிரியரை ஆயத்தப்படுத்துவதே தன் நோக்கமெனத் தலைப்பிலேயே அறிவித்தது. பின்னர் 2014இல் வெளியான விதிகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கின, பள்ளியில் பெறும் அனுபவத்திற்கு 20 வாரங்களை ஒதுக்கின. நாடகமும் கலையும், நூல்களை வாசித்துச் சிந்தித்தல், தன்னை அறிதல் ஆகியன பாடங்களாயின. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால், நாடகத்தில் ஒருமுறையேனும் பங்குகொள்ளாத ஒருவர், 'நாடக முறையின் பயன்களை விவரி' என்னும் வினாவுக்கு நிறைவாக விடையெழுதிவிடக்கூடும். நம் ஐயம் இங்கேதான் எழுகிறது. வளரும் ஆசிரியரை மதிப்பிடுவது குறித்துச் சட்டகம் ஓர் அத்தியாயமே வரைந்துள்ளது. எனினும் நடைமுறையில் பதிவேட்டின் தடிமனும் சார்ட்டின் வண்ணமும் மதிப்பெண் பெறுகின்றன. முந்தைய ஆண்டு மாணவரின் பதிவேட்டைப் பார்த்தெழுதும் வழக்கம் வாசகர் அறியாததன்று. (பயிற்சிப் பிரசங்கங்களை மதிப்பிடுவோரும் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.)

சென்னை மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் 2003இல் தோன்றி, பின்பு தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் மதிப்பீட்டு அட்டையும் கற்றல் ஏணியின் ஒரு படியாகவே இருந்தது. பிள்ளை தன் வேகத்தில் அதனை அடைந்தது. தேர்வு நாள் என்னும் அச்சத்திற்கு அங்கே இடமில்லை. மனப்பாடத்தாலேயே தேறிவந்த ஆசிரியர் அம்முறையின் உயிரைப் பற்றிக்கொள்வது எளிதோ? அட்டையை முடிப்பதே அவருக்குக் கடமையாகத் தோன்றியிருந்தால், பழியை அவர்மேல் மட்டும் சுமத்துதல் தகாது.

நாம் வேண்டுவது அரிய காரியமன்று. ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி, மூன்றைவிட நான்கு பெரிதாகையால் மூன்றில் ஒரு பங்கைவிட நான்கில் ஒரு பங்கே பெரிதென்கிறாள் எனக் கொள்வோம். பயிற்சி மாணவர் அவ்வெண்ணம் எங்கிருந்து பிறந்ததென்று அவளிடமே கேட்டறியட்டும். ஒரே அளவான இரு தாள்களை மடித்து ஒப்பிடச் செய்யட்டும். மறுவாரம் வேறு பின்னங்களைக் கொடுத்துப் பார்த்து, கண்டதை இரண்டு பக்கங்களில் எழுதட்டும். அவள் இன்னும் தடுமாறினாள் என்று உண்மையாய் எழுதியவருக்கு, பொய்யாக வெற்றி கூறியவரைவிட மிகுந்த மதிப்பெண் கிடைக்கவேண்டும். உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணை இடுவது கல்லூரியே. ஆகையால் திருச்சபைகள் நடத்தும் பயிற்சிக் கல்லூரிகள் இதனை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கக்கூடும்.