உன்னதப்பாட்டில் ஓர் உம்மை

பழைய ஏற்பாட்டின்கண் உள்ள உன்னதப்பாட்டு எட்டு அதிகாரங்களே கொண்ட சிறு நூல். அதன் முதல் அதிகாரத்து ஐந்தாம் வசனத்தில் தலைவி தன் கருநிறத்தையும் தன் எழிலையும் எருசலேம் மகளிர்க்குத் தானே எடுத்துரைக்கின்றாள். விவிலியத்துள் பெண்ணொருத்தி தன் மேனியைத் தன் வாய்மொழியாற் கூறும் இடம் மிக அரிது. பிறர் கூறக் கேட்பதே பெரும்பான்மை. அவ்வரிய கூற்றில் கருமையையும் எழிலையும் இணைத்து நிற்கும் இடைச்சொல்லின் பொருள் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. அச்சொல் ஓர் எழுத்தளவினதே. எனினும், அவள் தன்னை ஏற்றுக்கொண்டாளா, தனக்காக மன்னிப்பு வேண்டினாளா என்பது அதனையே பற்றி நிற்கின்றது.

மூலத்தில் உள்ளது 'வாவ்' என்னும் எபிரேய முன்னொட்டு. அஃது எண்ணுப்பொருளும் தரும், எதிர்நிலைப்பொருளும் தரும். பழைய கிரேக்கப் பெயர்ப்பாகிய செப்துவஜிந்து அதனை எண்ணுப்பொருளாகவே கொண்டது. எரோணிமுவின் வழிவந்த இலத்தீன் வுல்காத்தா 'ஆயினும்' என்னும் பொருள்படப் பெயர்த்தது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் இவ்வழியே சென்றது. 1989-இல் வெளிவந்த திருத்திய புதிய ஆங்கிலப் பெயர்ப்போ எண்ணுப்பொருளுக்கு மீண்டது. தமிழ்த் திருச்சபைகளில் நெடுங்காலம் பயின்றுவரும் பெயர்ப்பில் 'கறுப்பாயிருந்தாலும்' என்பதே பாடம். உம்மைக்கு எட்டுப் பொருள் வகுத்தவர் தொல்காப்பியர். எண்ணும்மையாகவும் அமைதற்குரிய அவ்விடைச்சொல் இங்கு இழிவுசிறப்பின் சாயல் பெற்று, கருமை ஒரு குறை என்பதை வாதமின்றியே நிறுவிவிடுகின்றது. வாவ் என்னும் எபிரேயச் சொல்லின் இருமுகத் தன்மைக்கு உம்மையினும் நெருங்கிய சொல் வேறு மொழிகளில் உளதோ அறியேன். வாய்ப்பு நம் கையில் இருந்தும் நழுவியது.

எண்ணுப்பொருளே பொருந்தும் என்பதற்கு அவ்வசனத்தின் அமைப்பே சான்றாகும். கருமை, எழில் என்னும் இரண்டனைக் கூறியபின், கேதாரின் கூடாரங்கள், சாலொமோனின் திரைகள் என்னும் இரண்டு உவமைகள் அடுத்தடுத்து வருகின்றன. கேதார் மக்களின் கூடாரங்கள் கருநிற வெள்ளாட்டு மயிரால் நெய்யப்பட்டவை என்பர். அப்பெயரின் வேரிலேயே எபிரேய மொழியில் கருமைப்பொருள் உண்டு. அரசன் மாளிகைத் திரைகளோ வனப்புக்குரியன. எனவே முதலதற்கு முதலதும், இரண்டாவதற்கு இரண்டாவதும் இயைய நிற்கும் நிரல்நிறை இது. நிரல்நிறையில் உறுப்புகள் ஒத்த நிலையின. ஒன்று மற்றொன்றற்கு விலக்காவதில்லை.

அற்றேல், அடுத்த வசனத்தில் தன் கருமையைக் குறித்துத் தன்னை உற்றுநோக்கற்க என அவள் வேண்டுவது என்னை எனின், அது கூர்ந்து நோக்கத்தக்கது. இவ்வாசங்கையை எளிதில் ஒதுக்குதல் நேர்மையாகாது. அவள் வேண்டுவது பார்வையை விலக்குமாறே. நிறத்தை மாற்றுமாறு அன்று. கருமைக்குக் காரணமும் உடன் கூறுகின்றாள்: வெயில் காய்ந்தது, உடன்பிறந்தார் சினந்து திராட்சத்தோட்டக் காவலில் இட்டனர். ஆகவே அந்நிறம் உழைப்பின் தடம். நிழலில் வாழும் நகரமகளிர் நோக்கில் இகழ்ச்சி இருப்பதை அவள் அறிவாள். அவ்விகழ்ச்சியைத் தன்னுள் ஏற்றாளில்லை.

பிற்கால உரைகாரரோ அவளை அவ்வாறு விட்டாரல்லர். மூன்றாம் நூற்றாண்டினரான ஓரிகன் கருமையைப் பழைய பாவநிலைக்கும், எழிலை மனந்திரும்புதலுக்கும் உருவகமாக்கினார். எட்டாம் அதிகாரத்து ஐந்தாம் வசனத்தில் மூலத்தில் இல்லாத 'வெண்மையாக்கப்பட்டவள்' என்னும் கருத்தைக் கிரேக்கப் பெயர்ப்பு புகுத்தியிருந்ததும் அவர்க்குத் துணையாயிற்று. ஆன்மாவைப் பற்றிய உருவகம் என்ற அளவில் அதற்கொரு பெருமை உண்டு. ஆயின் அவ்வுருவகத்தின் விலையைச் செலுத்தியவர்கள் கருநிறப் பெண்கள். மனிதர் ஆணும் பெண்ணுமாகக் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டனர் எனும் ஆதியாகம முதல் அதிகாரம் எந்நிறத்தையும் விலக்கவில்லை. அதனை ஓதும் இல்லங்களிலும் மணமகள் தேடுங்கால் 'நல்ல நிறம்' வினவப்படுவது நாம் அறிந்ததே. இந்தியாவில் 1975-இல் விற்பனைக்கு வந்த முகப்பூச்சு ஒன்று வெண்ணிறத்தைச் சுட்டிய தன் பெயர்ச்சொல்லை 2020-இல்தான் கைவிட்டது. மாமைக்கவின் பசலையால் அழிவதற்கு இரங்கும் தலைவியரையும், 'மாயோள்' என்று போற்றப்படும் மகளிரையும் சங்கச் செய்யுளிற் கண்ட மொழியில் 'இருந்தாலும்' என்னும் சொல் இவ்வளவு இயல்பாக ஒலிப்பது வியப்பே.

இன்னும் ஒன்று. தன் சொந்தத் தோட்டத்தைத் தான் காக்கவில்லை என்று முதல் அதிகாரத்து ஆறாம் வசனத்தில் அவள் வருந்துகின்றாள். ஆண்டுத் தோட்டம் என்பது அவள் மேனியே என்பார் பலர். 'என்னுடைய தோட்டம்' என்னும் பொருளுடைய அதே எபிரேயத் தொடர் எட்டாம் அதிகாரத்துப் பன்னிரண்டாம் வசனத்தில் மீண்டும் வருகின்றது. அக்கூற்றைத் தலைவனுடையதாகக் கொள்வாரும் உளர். தலைவியினுடையதாகக் கொள்வதே தொடரொற்றுமைக்கு இயைவதாகும். அங்கே அத்தோட்டம் அவள் கண்முன்னே, அவளுக்கே உரியதாக இருக்கின்றது.