மூத்த மகன் உள்ளே போனானா?

கிறிஸ்தவப் படமோ நாவலோ வந்தால் நம் சபைகளில் முதலில் எழும் கேள்வி, வசனத்துக்கு ஒத்திருக்கிறதா என்பதுதான். கதை எப்படி என்று கேட்பவர் குறைவு. கேட்டால் உலகப்பிரகாரமானவர் என்ற பெயர் கிடைக்கும். இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்றே நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

வசனம் மட்டுமே அளவுகோல் என்றால் நம் மரபில் பெரும்பகுதி வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். வீரமாமுனிவரின் தேம்பாவணி சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கி 3,615 பாடல்களாக விரிகிறது. சுவிசேஷங்களில் அவர் பேசியதாக ஒரு சொல்கூடக் கிடையாது. 1948இல் ஞானசௌந்தரி கதையை ஜெமினியும் சிட்டாடலும் போட்டி போட்டுப் படமாக்கின, வென்றது சிட்டாடல். வெட்டுண்ட கைகள் தேவமாதாவின் அருளால் திரும்பக் கிடைப்பது கத்தோலிக்கருக்குப் பக்தி, சீர்திருத்த சபையாருக்கு நெருடல். கொட்டகையில் உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்கோ அது மாற்றாந்தாயிடம் சிக்கிய பெண்ணின் கதை.

1979இல் வந்து தமிழிலும் பேசிய ‘இயேசு’ படம் நேர் எதிர். லூக்காவை ஏறக்குறைய அப்படியே பின்பற்றுகிறது. உபதேசத்தில் குறை காண்பது கடினம். மைதானத்தில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டியபோது மண்ணில் உட்கார்ந்து பார்த்தவன் நான். இன்று பார்த்தால் வேதபாடம் வாசிக்கக் கேட்பதுபோல் இருக்கிறது. பேதுருவைத் தவிர எந்தச் சீஷரின் முகமும் மனதில் தங்கவில்லை.

இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். சாட்சிப் படங்களைத்தான் முடியவில்லை. குடிகாரக் கணவன், அழும் மனைவி. ஊழியர் தலையில் கைவைத்து ஜெபித்ததும் பாட்டில் உடைகிறது. அடுத்த காட்சியில் வேலை, புது வீடு, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. நடுவில் ஒரு நாளாவது அவன் கை நடுங்க வேண்டாமா? திரைக்கதை ஓட்டை என்று விட்டுவிடலாம். ஆனால் உபதேசம் ஒழுகுவதும் அதே ஓட்டை வழியாகத்தான். விசுவாசித்தால் வீடு வரும் என்றால் யோபுவையும் பவுலின் முள்ளையும் எங்கே வைப்பது?

லூக்கா 15ஐ எடுங்கள். இளையவன் திரும்பிவிட்டான், விருந்து நடக்கிறது. மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். தகப்பன் வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா? லூக்கா சொல்லவில்லை. நம் இயக்குநர்களாக இருந்தால் அவனையும் இழுத்துவந்து தம்பியைக் கட்டிப்பிடிக்க வைத்து, கீபோர்டை அலறவிட்டிருப்பார்கள்.

ஹெப்சிபா ஜேசுதாசன் ‘புத்தம் வீடு’ நாவலில் (1964) அப்படி அவசரப்படவில்லை. லிஸி பெரியவளானதும் படிப்பு நிற்கிறது, வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள்; மனம் பனையேறியின் மகன் தங்கராஜிடம் போகிறது. இருவரும் ஒரே வேதக்காரர்கள்தான். அந்த ஒற்றுமை பழைய குடும்பப் பெருமையின் முன் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை ஆசிரியை பிரசங்கம் பண்ணாமல் காட்டிவிடுகிறார். பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ (1992) இன்னும் கடுமையானது: ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்க மடத்தில் சேர்ந்தவர், மடம் வசதியானவர்கள் பக்கம் நிற்பதைக் கண்டு வெளியேறுகிறார்.

ஒரு சபை நூலகத்தில் இவ்விரண்டையும் கேட்டுப் பார்த்தேன். சாட்சி நாவல்கள் மட்டும் இரண்டு அலமாரி நிறைய இருந்தன.

“அதெல்லாம் ஆவிக்குரிய புஸ்தகம் இல்லையே, பிரதர்” என்றார் பொறுப்பாளர்.